சோதனை மேசையில் மட்டும் ஓடும் மோடம்

ஷேரன் அந்த வாக்கைக் கொடுத்தது மாதா கோயில் கேண்டீனில், வாய் நிறையக் கறிபாப் இருந்த நேரத்தில். யோசித்துப் பேசுகிற நேரமா அது?

கோயிலின் உதவிக் குழுவை நடத்துபவர் வில்லியம் அங்கிள். ஓர் அலுவலகம் கழித்துவிட்ட மடிக்கணினிகளை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். பழசு என்பதால் புதிய விண்டோஸ் ஏறாது, லினக்ஸ் போட்டால் ஓடும். சிம் போடுகிற மோடம் உள்ளேயே உண்டு. வீட்டின் ஒரே போனை அப்பா வேலைக்கு எடுத்துப்போய்விடும் பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்?

"அந்த மோடம் லினக்ஸ்ல ஓடுமா, ஷேரன்? நீதானே அதச் செய்யுற பேக்டரில வேல பாக்குற."

"ஓடும் அங்கிள். லினக்ஸ் மெஷின்லதான் நான் டெய்லி டெஸ்ட் பண்றேன்."

அதில் பொய் ஒன்றுமில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் அவளுடைய சோதனைக் கணினியில் ஓடுவது லினக்ஸ்தான். மோடத்தைச் செருகினால் திரையில் பச்சையாக 'பாஸ்' என்று வரும். மோடத்தையும் கணினியையும் பேசவைக்கும் டிரைவர் என்கிற மென்பொருள் கம்பெனிக்குள் மட்டும்தான் இருக்கிறது என்பது அவளுக்குத் தோன்றவேயில்லை. தினமும் தன் கண்முன் நடப்பது ஊர் முழுக்க நடக்கிறது என்று நினைத்துவிட்டாள்.

கணினிகள் வந்தன. குழுவினர் லினக்ஸ் போட்டார்கள். ஃபாதர் பூசையில் வைத்து மந்திரித்தும் கொடுத்தார். எல்லாம் ஓடியது, மோடம் மட்டும் அசையவில்லை. ஷேரன் மற்ற வாடிக்கையாளர்களைப் போலவே கம்பெனிக்கு எழுதிக் கேட்டாள். இந்த மாடலுக்கு லினக்ஸ் டிரைவர் கிடையாது என்று பதில் வந்தது.

பிரிவு மேலாளர் ஹக்கீமிடம் போய் நின்றாள். சூலியா தெருக்காரர், யார்மேலும் எரிந்து விழாதவர்.

"கெடயாதுன்னு எழுதியிருக்காங்க, போஸ். நம்ம மேசையில இருக்கே."

"இருக்கு. யாரு இல்லன்னா?" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். "வெளிய குடுத்தா, நாள பின்ன ஓடலன்னு வர்ற கேள்விக்கு யாரு பதில் சொல்றது? அதுக்குன்னு மேலிடம் ஆள் போட மாட்டாங்க. நானும் கேட்டுப் பாத்துட்டேன் லா."

"நாங்க பொறுப்பில்லன்னு சொல்லியே குடுக்கலாமே. மிச்சத்த வெளிய உள்ளவங்க பாத்துக்குவாங்க."

"நீ சொல்றது புரியுது. ஆனா பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போயிராத, அது திருட்டு. வெளிய எதுவும் எழுதாத. உள் விஷயத்த வெளிய சொல்ல மாட்டோம்னு கையெழுத்துப் போட்டுத்தானே வேலக்கிச் சேந்தோம்."

அவர் திட்டியிருந்தால் கோபப்படவாவது முடிந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்டல் அவளைத் தேடி கேண்டீனுக்கு வந்தாள். பள்ளியிறுதி எஸ்பிஎம் பரீட்சை எழுதப்போகிற பெண். டியூஷன் எல்லாம் மாலையில், இணையத்தில். அந்த நேரத்தில் அவளுடைய அப்பா ஃபெர்ரி ஏறி பட்டர்வொர்த் துறைமுகத்துக்குப் போயிருப்பார், போனும் கூடவே போயிருக்கும். தனக்குக் கிடைத்த கணினியைத் துணிப்பையில் போட்டு நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

டிரைவர் பேக்டரிக்குள் இருக்கிறது, வெளியே தரமாட்டார்கள் என்று ஷேரன் ஒளிக்காமல் சொன்னாள்.

"அப்ப இத உங்க பேக்டரிக்குக் கொண்டாந்தா ஓடுமா, அக்கா?"

"ஓடும்."

"சாயங்காலம் நான் அங்க வந்து படிக்கட்டுமா? ஓரமா உக்காந்துக்கிறேன்."

அவள் கேலிக்குக் கேட்கவில்லை. ஷேரனுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

வீட்டுக்குப் போனதும் கம்பெனியின் பொது இணையப் பக்கத்தைத் திறந்தாள். லினக்ஸ் டிரைவர் கொடுங்கள் என்று எந்தெந்த ஊரிலிருந்தோ ஆட்கள் கெஞ்சியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் கீழே அதே 'கிடையாது'. அவள் சம்பளத்தில்தான் அந்த வீடு நடக்கிறது. படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவின் மருந்தும் அதில்தான். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் முழுப்பெயரோடு எழுதினாள்: "இருக்கிறது. தினமும் அதை வைத்துத்தான் உங்கள் மோடங்களைச் சோதிக்கிறேன். பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், கொடுத்துவிடுங்கள்."

திங்கட்கிழமை காலை பேக்டரி பஸ்ஸுக்கு நின்றபோது ஹக்கீம் போனில் அழைத்தார்.

"ஷேரன், அத அழிச்சிரு. மேல பாக்குறதுக்குள்ள அழிச்சிரு."

"டிரைவரக் குடுக்கச் சொல்லுங்க போஸ், அழிச்சிர்றேன்."

பஸ் வந்து நின்றது. தன் ஊழியர் அட்டைக்கு இன்று தொழிற்சாலைக் கதவு திறக்குமா என்று தெரியாமலேயே ஏறி உட்கார்ந்தாள்.