வெள்ளிக்கிழமைப் பொட்டு

"ஒண்ணுகூட ஒளிரலை, சாரு!"

பெருங்குடியிலிருந்து ஃபிர்தௌஸ் ஃபோனில் சொன்னதும் சாருலதா காபியைக் கீழே வைத்தாள்.

அடையாறு ஆய்வுக்கூடத்தில் சாருலதா கண்டுபிடித்த மருந்து அது. புற்றுநோய் செல்லுக்குள் புகுந்தால், நீல விளக்கின் கீழ் செல் பச்சையாக ஒளிரும். இங்கே ஒளிர்கிறது. அதே செல், அதே மருந்து, தோழி ஃபிர்தௌஸின் ஆய்வுக்கூடத்தில் இருட்டு.

வேறு யாராவது என்றால் ஃபிர்தௌஸ் மீது பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். சாருலதாவுக்கு இப்போதெல்லாம் நோயைவிட இதில்தான் ஆர்வம். ஓரிடத்தில் வரும் முடிவு இன்னோரிடத்தில் ஏன் வருவதில்லை? அதை மட்டுமே ஆராய ஒரு தனிப் பிரிவு வேண்டுமென்று இயக்குநர் வெங்கடரமணனிடம் கேட்டிருந்தாள். அவர் சிரித்தார்.

"அடுத்தாத்து அடுப்பை எட்டிப் பாக்கறதுக்கு முன்னாடி ஒன்னோடதைப் பாரு. ஃபிர்தௌஸ் கையில ஒன் மருந்து ஒளிர்ந்தா, கீழ காலியா இருக்கிற ரூம் ஒனக்கு. இல்லேன்னா இந்தப் பேச்சையே விட்டுடு."

ஒளிரவில்லை. திங்கட்கிழமை அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அடையாறில் செல்லும் மருந்தும் கலந்த தட்டை ஒரு பெட்டியில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு ஆட்டோ ஏறினாள். திருவான்மியூர் சிக்னலில் ஆட்டோக்காரர் திரும்பினார்.

"பொட்டில இன்னா மேடம், மீனா?"

"செல்லு."

"செல்லுக்கு இம்மாம் பெரிய பொட்டியா!"

பெருங்குடியில் விளக்கைப் போட்டதும் அந்தத் தட்டு பச்சையாக மின்னியது. ஆக, ஃபிர்தௌஸின் கருவி நிரபராதி. ஃபிர்தௌஸ் கலந்த தட்டை அடையாறுக்குக் கொண்டுவந்து பார்த்தாள். இருட்டு. இந்தக் கருவியும் நிரபராதி.

"அப்போ கலக்கிற இடத்துலதான் விஷயம். உங்க லேப்ல என்கிட்ட இல்லாதது என்னமோ இருக்குடி" என்றாள் ஃபிர்தௌஸ் ஃபோனில்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. உதவியாளர் நிஷாவின் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள் சாருலதா. நிஷா சிந்தாதிரிப்பேட்டைப் பெண். கை நடுங்காது. மேஜையில் சொட்டு அளந்து விடும் பிப்பெட்டுகள் இரண்டு. ஒன்று மருந்துக்கு. மற்றது, ஒப்பிட்டுப் பார்க்கும் செல்களுக்கு வெறும் நீர் விட.

நிஷா கைப்பையிலிருந்து ஒரு குட்டி டப்பாவை எடுத்தாள். மருந்து பிப்பெட்டின் கழுத்தில், குழைத்த மஞ்சளால் ஒரு பொட்டு வைத்தாள்.

"நிஷா! என்ன இது?"

"வெள்ளிக்கெழம மேடம். ஆயுத பூஜைக்கு இதுக்குப் பொட்டு வெச்சோம் இல்ல? மறுநாளே மொத தபா பச்சையா எரிஞ்சுது. ராசியான பிப்பெட்டு. அத்த வுட்டுறக் கூடாதுன்னு வாராவாரம் வெச்சிக்கினு கீறேன்."

"அப்போ அந்த இன்னொண்ணு?"

"அது அப்போ ரிப்பேருக்குப் போயிருந்துச்சு. அதுக்கு இன்னா ராசி கீது?"

சொல்லிக்கொண்டே, கிருமி போக வழக்கம்போல் பிப்பெட்டின் மேல் ஸ்பிரிட்டைப் பீய்ச்சினாள். பொட்டு நனைந்தது. மெல்லிய மஞ்சள் இழை ஒன்று முனையை நோக்கி இறங்கியது.

சாருலதா எழுந்துவிட்டாள்.

"மருந்தை மூடு. அதே பிப்பெட்டால வெறும் தண்ணியை விடு."

நீல விளக்கு. பச்சை! மருந்தே இல்லாமல் செல்கள் ஜொலித்தன. அடுத்து, பொட்டில்லாத பிப்பெட்டால் மருந்து. கும்மிருட்டு.

ஒளிர்ந்தது மருந்தல்ல. மஞ்சள். நீல விளக்கின் கீழ் அது தானாகவே பச்சையாக ஒளிரும்.

"மேடம், நான் கெடுத்துட்டேனா?" நிஷா டப்பாவை அவசரமாக மூடினாள்.

"பொட்டு நீ வெச்ச. ஆனா பூஜையை நடத்தினதே நான்தானே!" மருந்து கைவிட்டுப் போயிருந்தது. ஆனாலும் சாருலதாவுக்குச் சிரிப்பு வந்தது. "ராசி நிஜமாவே வேலை செஞ்சிருக்கு, பாத்தியா!"

திங்கட்கிழமை வெங்கடரமணன் எல்லாவற்றையும் கேட்டார்.

"மருந்து போச்சு. அச்சுக்கு அனுப்பின கட்டுரையை வாபஸ் வாங்கணும். ரூமும் இல்லை. சரிதானே?"

"சரிதான் சார்."

கதவுவரை போனவள் நின்றாள். அவர் மேஜையோரம் பழைய மைக்ராஸ்கோப். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த கண்டுபிடிப்பு அதில்தான் பிறந்தது. அதன் கழுத்தில் சந்தனம், குங்குமம்.

"என்ன பாக்கறே?"

"ஒண்ணுமில்லை சார். இந்தப் பொட்டு எந்த வருஷத்துலேர்ந்துன்னு யோசிச்சேன்."

வெங்கடரமணன் மைக்ராஸ்கோப்பைப் பார்த்தார். விரலால் குங்குமத்தைத் தொட்டார். விரலைப் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து, கீழ் அறையின் சாவியை மேஜைமேல் வைத்தார்.

"மொதல்ல என்னோடதைப் பாத்துடு."

"என்ன வந்தாலும் எழுதுவேன் சார்."

"எழுதித் தொலை. போ!"