கிணற்றில் குளிர்ந்த போத்தல்

2025 ஓகஸ்ட் 10, ஞாயிறு

நேற்று எழுதியதில் ஒரு பிழை. போத்தலைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினால் போதும், அதற்கு ஒன்றும் ஆகாது என்று எழுதியிருந்தேன். லேபிள் வெறும் பசையால் ஒட்டியிருக்கிறது என்பதை யோசிக்கவில்லை. இன்று காலை கயிற்றை இழுத்தபோது போத்தல் மட்டும் வந்தது. லேபிள் தண்ணீரில் மிதந்தது. வாளியை விட்டு அள்ளி எடுத்து, கிழியாமல் ஜன்னல் கண்ணாடியில் விரித்துக் காயவிட்டேன்.

இந்தக் குறிப்புகளை மாலை வகுப்புக்காக எழுதுகிறேன். தினமும் நடந்ததை ஐந்து வரியில் ஜேர்மன் மொழியில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் எல்லாவற்றையும் தமிழில் எழுதிவிட்டு, எனக்குத் தெரிந்த சொற்களில் அடங்குகிற ஐந்தை எடுப்பேன். இன்றைக்கு எதை எடுப்பதென்று தெரியவில்லை.

வகுப்பு களுவாஞ்சிக்குடியில் நடக்கிறது. அங்கே படிக்க வேண்டியவள் என் அக்கா அஜந்தா. ஜேர்மனியில் இருக்கும் உதயரூபன் அத்தானுக்கு அவளைக் கல்யாணம் பேசி முடித்து இரண்டு வருடமாகிறது. அந்த மொழியின் முதல் நிலைப் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் அவளுக்கு விசா கிடைக்கும். ஒருமுறை தவறிவிட்டாள். அடுத்தது செப்டெம்பரில். இருட்டியபின் அவள் தனியாக பஸ்ஸில் வரக்கூடாது என்று அம்மா என்னைத் துணைக்கு அனுப்பினார். சும்மா உட்கார்ந்திருக்க வெட்கமாக இருந்தது, நானும் பெயர் கொடுத்தேன். இப்போது அவளைவிட எனக்கு நன்றாக வருகிறது. இதைப் பெருமைக்கு எழுதுகிறேனா என்று யோசித்தேன். அப்படித்தான் போலிருக்கிறது. வெட்டாமல் விடுகிறேன்.

அத்தான் விடுமுறையில் வந்திருக்கிறார். இன்று மத்தியானம் தாயாரோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறைக்கு பார் பூட்டு. அதனால் வியாழன் வகுப்புக்கு முன்பே பாருக்குப் போனேன். சாராயப் போத்தல்களுக்குப் பின்னால், மேல் தட்டில், கழுத்து நீண்ட பச்சைப் போத்தல் ஒன்று தூசி பிடித்து நின்றது.

"அது வேணாம் தம்பி," என்றார் அங்கே வேலை செய்யும் அழகரத்தினம் அண்ணன். "இஞ்ச ஒருத்தரும் கேக்கிறல்ல. வேற பெட்டியோட மாறி வந்த சாமான்."

"எந்த நாட்டுச் சாமான் அண்ணே?"

"நீயே வாசிச்சுப் பார். நான் போத்தல்ல மூடியத் தவிர ஒண்டும் பாக்கிறல்ல."

வாசித்தேன். எல்லாம் ஜேர்மன் மொழி. மோசல் என்பது ஆறு, அது பாடத்தில் வந்தது. ரீஸ்லிங் என்பது ஒருவகைத் திராட்சை என்று பிறகு போனில் தேடி அறிந்தேன். வைன் என்றால் சிவப்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வகுப்புக்கு வெளியே அந்த மொழியை ஒரு பொருளின் மேல் கண்டது அதுவே முதல் தடவை. அத்தானின் நாட்டுச் சாமான், அவர் சந்தோசப்படுவார் என்று வாங்கினேன்.

வெள்ளை வைனைக் குளிராகக் குடிக்க வேண்டும் என்றும் போனில் இருந்தது. அம்மா பிரிட்ஜைத் திறக்க விடவில்லை. "சாமிக்கு வைக்கிற பாலும் தயிரும் இரிக்கிற இடத்துக்குள்ள அது வரப்படாது. வேணுமெண்டா கிணத்துக்குள்ள இறக்கு," என்றார். அப்படித்தான் கிணறு.

அத்தானும் அவர் தாயார் அன்னப்பூரணி மாமியும் வந்தார்கள். நான் வைனோடு சோடாவும் ஐஸும் பொரித்த இறாலும் வைத்திருந்தேன். சாராயத்துக்கு அப்படித்தான் வைப்பார்கள்.

"என்ன மச்சான், போத்தல் உடுப்பில்லாம நிக்குது?" என்றார் அத்தான்.

கிணற்றில் குளிர வைத்ததைச் சொன்னேன். அவர் சிரித்தபடி போனை எடுத்தார். "எங்க, அதைத் திருப்பிச் செஞ்சு காட்டு. அங்க உள்ள பெடியன்களுக்கு அனுப்போணும்."

கிணற்றடிக்குப் போய், போத்தலைக் கட்டி இறக்கி, மறுபடி இழுத்தேன். "மெதுவா இழு, முகம் தெரியட்டும்," என்றார். மெதுவாக இழுத்தேன்.

பிறகு ஒரு வாய் குடித்தார். முற்றத்துக்குப் போய் கிளாஸில் இருந்த மீதியை முருங்கையடியில் ஊற்றினார். "இது அங்க சமையலுக்கு ஊத்திற சாமான். லேபிள் எங்க?"

ஜன்னலில் இருந்து உரித்துக் கொடுத்தேன்.

"அஜந்தா, இஞ்ச வா."

அக்கா பரிமாறிக்கொண்டிருந்த நண்டுக்கறிச் சட்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். லேபிளை அவள் கையில் கொடுத்துவிட்டு, போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"வாசி."

முதல் வரிகளைச் சரியாகவே வாசித்தாள். கடைசியில் ஒரு நீண்ட சொல், 'எர்ட்சொய்கராப்ஃப்யூலுங்'. விளைவித்தவரே போத்தலில் அடைத்தது என்று அர்த்தம். அதில் தடக்கினாள்.

"திருப்பி."

மறுபடி தடக்கினாள்.

"இன்னொருக்கா. என்ட கூட்டாளிட மகளுக்கு நாலு வயசு. அவள் சொல்லுவாள்."

அடுத்த தடவை முதல் அசையிலேயே நின்றுவிட்டாள்.

மாமி நண்டுக்காலைக் கடித்து உடைத்தபடி அம்மாவிடம் சொன்னார். "கொக்கட்டிச்சோலையில ஒரு புள்ள முதல் தரமே பாஸ் பண்ணிட்டாளாம். தாய் நேத்தும் கோல் எடுத்தவ. நான் ஒண்டும் சொல்லல்ல." அம்மா மாமியின் சோற்றுக் கோப்பையில் இன்னொரு நண்டுத்துண்டு வைத்தார்.

அப்போது அந்தச் சொல்லை நான் சொன்னேன். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. தடக்காமல், அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்திச் சொன்னேன்.

அத்தான் போனை என் பக்கம் திருப்பினார். "பாத்தியா அஜந்தா? நான் தம்பியக் கட்டியிரிக்கோணும்."

மாமி சிரித்தார். அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கப் பார்த்தாள். அதையும் அவர் போனில் பிடித்துக்கொண்டார்.

போகும்போது படலையடியில் நின்று அவளிடம் சொன்னார். "நாளைக்கு ஏழு மணிக்கு வீடியோ கோல். பாசிக்குடாக் கடற்கரையில, ஜேர்மனியில இரிந்து வந்த கூட்டாளிமாரோட இரிப்பன். அவங்களுக்கு முன்னால இதை முழுக்க வாசிக்கோணும். தடக்கினாயெண்டா செப்டெம்பர் வரைக்கும் பாத்துக்கொண்டிரிக்கத் தேவையில்ல. எங்கட அம்மா அந்தக் கொக்கட்டிச்சோலைப் புள்ளைக்குக் கதைக்கட்டும்."

மாமி அதற்குள் ஓட்டோவில் ஏறிவிட்டார்.

அவர்கள் போனபின் குசினியில் போத்தலின் மீதியைக் கொஞ்சம் குடித்துப் பார்த்தேன். முதலில் புளிப்பு, பச்சை மாங்காயின் கொட்டையோடு ஒட்டிய சதை போல. விழுங்கியபின் நாக்கில் மெல்லிய இனிப்பு நின்றது. எனக்குப் பிடித்திருந்தது. சமையலுக்கு ஊற்றுவது என்று அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க நான் வேறொன்றும் குடித்ததில்லை.

அக்கா சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"நீ சொன்ன மாதிரித்தானா அந்தச் சொல்?"

"ஓம்."

"வியாழக்கிழமையில இரிந்து போத்தல் உன்னட்டத்தானே இரிந்த. எனக்கு ஏன் காட்டல்ல?"

"யோசிக்கல்ல."

"யோசிச்சிருப்பாய்."

வியாழன் இரவு அந்தச் சொல்லை அறைக்குள் தனியாகச் சொல்லிப் பழகியது உண்மை. அவள் அடுத்த அறையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அத்தான் வந்ததும் அவர் முன்னால் சொல்லிக் காட்டலாம் என்று வைத்திருந்தேன்.

"இந்தக் கல்யாணம் வேணாமெண்டு சொல்லிரு அக்கா," என்றேன்.

"சொல்லிப்போட்டு? ரெண்டு வருசமா ஒவ்வொரு நாளும் அவரோடதான் கதைக்கன். முதல்ல இப்படி இல்ல." சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "முதல்ல இப்படி இல்லடா பிரதீஸ்."

முன் அறையில் இருந்து அம்மா சத்தமாகச் சொன்னார். "அவளுக்குப் புத்தி சொல்லாம, அந்தச் சொல்லைச் சொல்லிக் குடு. நாளைக்கு மானம் போகாம இரிக்கோணும்."

அக்கா கையைத் துடைத்துவிட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். லேபிளை எடுத்தாள். ஈரமும் நண்டுக்கறியும் பட்டு அதன் ஓரம் மஞ்சளாகிவிட்டது. வாசிக்கத் தொடங்கினாள். அந்தச் சொல்லுக்கு வந்ததும் நின்று என் வாயைப் பார்த்தாள். வாயைப் பார்த்தால் வரும் என்று நினைக்கிறாள். பார்த்தும் வரவில்லை. பலமுறை சொன்னோம். எனக்கு ஒருகட்டத்தில் எரிச்சல் வந்து, "நாலு வயசுப் புள்ளையும் சொல்லும்," என்று சொல்லிவிட்டேன்.

அவள் எழும்பிப் போகவில்லை. மறுபடி முதல் வரியில் இருந்து வாசித்தாள்.

நாளை வகுப்புக்குப் போவதில்லை. விடிந்ததும் லேபிளை ஒரு மட்டையில் ஒட்ட வேண்டும். பிறகு ஏழு மணி வரை அக்காவுக்கு அந்தச் சொல்லைப் பழக்க வேண்டும். அதிலுள்ள 'யூ' ஒலி வருவதற்கு, வாயை 'ஊ'வுக்குக் குவித்துக்கொண்டு 'ஈ' சொல்ல வைப்பதில் தொடங்க வேண்டும்.