ஆட்டுத்தொடையில் மூன்று கத்திகள்

1

இக்கதை இலங்கை மலையகத்து அட்டனில், ஒரு பல் வைத்தியரின் காத்திருப்பறையில் பிறந்தது. பெருமைக்குரிய பிறப்பிடம் அன்று. ஆனால் பிறப்பிடத்தை மாற்றிச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. அங்கே வாசிக்கக் கிடைத்தது பழைய மருத்துவ இதழ் ஒன்று. அதில் ஓர் அட்டவணை: மார்புப் புற்றுநோய் அறுவையில் எஃகுக் கத்தி சிறந்ததா, மின்சாரக் கத்தி சிறந்ததா? குருதியிழப்புக்கு ஒரு வரிசை, புண் ஆறும் நாள்களுக்கு ஒரு வரிசை, தையலுக்கு ஒரு வரிசை. எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. அறுக்கப்படுகிறவளின் கருத்துக்கு மட்டும் வரிசை இல்லை. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கக் கொடுத்த பின்னும் இந்தக் குறை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆகவே அந்த வரிசையை நானே எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘மலைமுகட்டில் பனி மெல்ல இறங்கி–’

நிறுத்திவிட்டேன். பனி தன் பாட்டுக்கு இறங்கட்டும். அதற்கு என் உதவி வேண்டியதில்லை.

இரண்டாம் தொடக்கம்: 1958ஆம் ஆண்டு, நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ராக்காயியின் இடது மார்பில் எலுமிச்சங்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது. இந்த வாரத்துக்குள் அறுத்து எடுக்காவிட்டால் பிறகு அறுத்தும் பயனில்லை என்று டாக்டர் கனகசுந்தரம் சொல்லிவிட்டார். சம்மதப் பத்திரத்தில் ராக்காயி பெருவிரலை வைக்க வேண்டும். பெருவிரலோ முந்தானைக்குள் இருந்தது. திங்கள் போயிற்று. செவ்வாயும் போயிற்று.

இதுவே இருக்கட்டும்.

3

(இப்பகுதி நீக்கப்பட்டது. இதில் ராக்காயியின் கணவர் சோலைமலை ஒரு கனவு கண்டார். அவர் கனவு காணும் ஆள் அல்லர்.)

4

சோலைமலை முப்பது ஆண்டுகளாகக் கவ்வாத்து வெட்டுபவர்.*

* தேயிலை மரத்தின் வாதுகளை மட்டமாக வெட்டி, மறுபடி தளிர்க்க விடும் வேலை. கத்தி அவரவருடையது, இரவல் கிடையாது. மலை என்று எண்ணிட்டு அழைக்கும் தேயிலைப் பகுதிக்குப் போகுமுன் கங்காணி ஒவ்வொரு கத்தியையும் வாங்கி, கூர் பார்த்துத் திருப்பிக் கொடுப்பார். அதனால்தான் புதன்கிழமை சோலைமலை மருத்துவமனைக்குள் நுழைந்ததும் டாக்டரிடம் கையை நீட்டினார்.

“கத்தியக் காட்டுங்க டாக்டரையா.”

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கத்தியைக் கேட்ட நோயாளி வீட்டார் அவருக்கு அதுவரை வாய்த்ததில்லை. வியப்பில் காட்டிவிட்டார்.

சோலைமலை அந்தச் சிறிய எஃகுக் கத்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இது பென்சில் சீவுறதுல்லங்க?”

“இதாலைதான் வெட்டுறது, ஐயா.”

“எத்தன அங்குலத்துல வெட்டுவீங்க?”

“முழுக்க எடுக்கவேணும்.”

“அடியோடயா! சரி, சாச்சு வெட்டுங்க. மட்டமா வெட்டுனா மழத்தண்ணி நின்னு அழுகிரும்.”

“நெஞ்சிலை மழைத்தண்ணி தேங்காது, ஐயா.”

“எத்தன மாசத்துல தளுக்கும்?”

கட்டிலில் இருந்த ராக்காயி முந்திக்கொண்டாள். “ஏங்க, நான் என்ன ஆறாம் நம்பர் மலையா? தளுக்காது. போயி அந்தப் பக்கம் ஒக்காருங்க.”

அவள் சிரித்தாள். ஆனால் கை முந்தானைக்குள் கட்டியைத் தொட்டபடியே இருந்தது. தளிர்க்காது என்பதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை.

5

டாக்டர் எனக்குச் சந்தேகமாக இருக்கிறார். எழுத எழுத நல்லவராகவே வருகிறார். கொழும்பிலிருந்து சென்ற மாதம் வந்திறங்கிய மின்கத்தி இயந்திரத்தைத் தம்முடைய சொந்தக் கைக்குட்டையால் துடைப்பவராக அவரைத் திருத்துகிறேன். இப்போது ஆள் நம்பும்படி இருக்கிறார்.

அந்த இயந்திரத்தின் மேல் கொண்ட ஆசையால், இரண்டு கத்திகளையும் ஒப்பிட்டுப் பார்க்க அவர் முனாப் நானாவின் இறைச்சிக் கடையிலிருந்து ஓர் ஆட்டுத்தொடை வரவழைத்திருந்தார். தம்பதியை அழைத்துக் காட்டினார். எஃகுக் கத்தி நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு இழுத்தது. ஓசையே இல்லை. அடுத்து மின்கத்தி. ‘உஸ்’ என்று புகை கிளம்பியது. பக்கத்து வார்டு வானொலி பாடிக்கொண்டிருந்ததை விட்டுக் கரகரத்தது. வறுவல் வாசனை நடைவழியெங்கும் பரவியது.

“யாருக்குங்க இன்னைக்கு எறச்சி?” என்று ஆண்கள் வார்டிலிருந்து ஒரு குரல். கஞ்சிக் கோப்பைகள் தட்டப்பட்டன.

“பாத்தியளோ, ரத்தக்குழாயை அப்பிடியே சுட்டு அடைச்சுப்போடும்,” என்றார் டாக்டர் பெருமையாக.

“நம்மளதையும் பாத்துருங்க,” என்று சோலைமலை இடுப்பிலிருந்து கவ்வாத்துக் கத்தியை உருவினார். ஒரே வெட்டு. தொடை இரண்டானது, அடியிலிருந்த பலகையும் இரண்டானது, மேசைக்கு ஒரு கால் குறைந்தது.

[இங்கே மேசையின் விலையைப் பற்றி எழுதியிருந்தேன். கதைக்குத் தேவையில்லை.]

6

எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருக்க, ராக்காயி இயந்திரத்தைப் பார்த்தாள்.

“டாக்டரையா, இந்தக் கரண்டுக் கத்தில எத்தன பேர வெட்டிருக்கீங்க?”

டாக்டர் கைக்குட்டையை மடித்தார். “நாலு பேர்.”

“அந்தச் சின்னதுல?”

“பதினேழு வருசம், அம்மா. எண்ணிப் பாக்கேல்லை.”

“அப்ப அதுலயே வெட்டுங்க. புதுக் கத்தி வாங்குனவன மொத நாளு ஓரத்து மரத்துக்குத்தான் அனுப்புவாங்க. நான் ஓரத்து மரமில்ல.”

சோலைமலை தலையாட்டினார். முப்பது ஆண்டுகளில் தம் மனைவி கவ்வாத்தைப் பற்றிப் பேசிய ஒரே வார்த்தை, அதிலும் பிழையில்லை.

டாக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “வெட்டுறது இதாலை. ரத்தம் நிப்பாட்ட மட்டும் மிசினைத் தொடலாமோ?”

“தொடுங்க. பாவம், ஆசையா வாங்கி வச்சிருக்கீங்க.”

அதன் பின் முந்தானையிலிருந்து பெருவிரல் வெளியே வந்தது. மையில் தொட்டு, பத்திரத்தில் வைத்தாள். ரேகை சற்று இழுபட்டிருந்தது. இன்னொன்று வைக்கும்படி எவரும் கேட்கவில்லை.

7

முடிவுகள்:

அ. ஓராண்டுக்குப் பின் ராக்காயி கூடையோடு மலையேறுகிறாள். எழுதினேன். கூடைக்கயிறு நெற்றியில் அழுந்துவதைக்கூட எழுதினேன். எனக்கு இனித்தது என்பதாலேயே அடித்துவிட்டேன்.

ஆ. அவள் அறுவை மேசையிலிருந்து எழும்–

இதை முடிக்க மாட்டேன். முடிக்கத் தெரியாமல் அன்று.

இ. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. தள்ளுவண்டியில் படுத்தபடி ராக்காயி சொல்கிறாள்: “கருவாட்டுக் கொழம்பு சட்டியில இருக்கு. சுட வச்சுச் சாப்புடுங்க. ஆறுனத அப்புடியே ஊத்திக்காதீங்க.”

“நீ வந்து சுட வையி,” என்கிறார் சோலைமலை.

கதவு மூடுகிறது. அறுவை அறைக்குள் வெளியாள் போகக்கூடாது என்பது விதி. எழுதுகிறவளும் வெளியாளே. விதியை மீறும் வழக்கம் எனக்கு இல்லை என்பதால் உள்ளே நடப்பதை நான் எழுதப்போவதில்லை.

நடைவழி வாங்குப் பலகையில் சோலைமலை தனியே உட்கார்ந்திருக்கிறார். இடுப்புக் கத்தியை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். கைகளை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. வாசகரே, போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். நகர்ந்து இடம் கொடுப்பார். ‘என்னங்க ஆகும்?’ என்று உங்களைத்தான் கேட்பார். நீங்கள் வாயைத் திறந்து சொல்வது எதுவோ, அதுவே முடிவு. யோசித்துச் சொல்லுங்கள், அவர் நம்பிவிடுவார்.