மாற்றாமல் விட்ட நிறங்கள்

காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, தான் ஓட்டும் பள்ளிப் பேருந்தைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, பல் மருத்துவரின் வரவேற்பறையில் வந்து உட்கார்ந்தாள் வெர்னா ஹகலா. கடைவாய்ப் பல் விண்விண்ணென்று தெறித்தது. அதுகூடப் பெரிதில்லை. வினிபெக்கிலிருந்து வந்திருந்த ஒரு மின்னஞ்சல்தான் இரண்டு நாளாக அவளைத் தின்றுகொண்டிருந்தது.

அவள் கணவன் லென் தண்டர் பே துறைமுகத்தின் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவன். ஓய்ந்த நேரத்தில் கணினியைத் தானே கற்று, இணையத்தில் ஒரு கருவி செய்து வைத்தான். இரண்டு மூன்று நிறங்களைக் கொடுத்தால், ஒன்று இன்னொன்றில் கரைவதுபோல் குழைத்துக் காட்டும். கீழே அதற்கான நிரலையும் எழுதித் தரும். வலைத்தளம் செய்கிறவர்கள் அதை எடுத்துத் தங்கள் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம். காசா பணமா, இலவசம்தான்.

பக்கத்தைத் திறந்ததும் மாதிரிக்கு ஒரு கலவை நிற்கும். அடியில் ஆரஞ்சு, நடுவில் இளஞ்சிவப்பு, உச்சியில் ஊதா. இதை மாற்றி உங்கள் நிறத்தைப் போடுங்கள் என்றுதான் அர்த்தம். யார் கேட்டார்கள்? வடிகட்டின சோம்பேறிகள்! மாதிரியையே வாரிக்கொண்டு போய் ஒட்டினார்கள். பல் மருத்துவர், பீட்சா கடைக்காரர், நாய்க்கு முடி வெட்டுகிறவள், எல்லார் வலைத்தளத்திலும் அதே நிறங்கள்.

அவை ஒரு ஜனவரி விடியலின் நிறங்கள். பனியில் உறைந்த பேருந்தை வெர்னா உறுமவைத்துச் சூடேற்றிக்கொண்டிருக்க, காப்பிக் கோப்பையோடு முற்றத்தில் நின்ற லென், ஏரிக்கு மேலே தெரிந்த வானத்தைப் படம் பிடித்தான். அந்தப் படத்திலிருந்து பொறுக்கிய மூன்று நிறங்கள். இவ்வளவும் வெர்னாவுக்குத் தெரியும். லென் மாரடைப்பில் போய் மூன்று வருடம் ஆகிறது. யாருடைய பக்கத்திலாவது அந்த நிறங்களைப் பார்த்தால், 'வந்துட்டியா கிழவா' என்று மனதுக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிடுவாள்.

லென்னுக்குப் பிறகு நாலைந்து பேர் சேர்ந்து சம்பளமில்லாமல் அந்தக் கருவியைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருத்தி மேரிசெல். அவள்தான் எழுதியிருந்தாள். அந்த மாதிரி எங்கும் பரவிச் சலித்துப்போனது, கேலி பேசுகிறார்கள், புது மாதிரி வைக்க ஆசைப்படுகிறோம். தளம் உங்கள் பெயரில் இருக்கிறது, உங்களைக் கேட்காமல் தொடமாட்டோம். இன்றைக்குள் சொன்னால் நல்லது.

வரவேற்பு மேசையில் இருந்த டார்லீன், வெர்னாவுக்குப் பள்ளிக்காலத் தோழி. "ஒரு பல்லுக்கா மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்கே?" என்றாள்.

"உன் பின்னாடி கம்ப்யூட்டர்ல தெரியுதே, அந்த நிறம். அது லென் வச்சது. நான் சரின்னு சொன்னா இன்னைக்கு எல்லா இடத்துலயும் அழிஞ்சிடும்டி."

"அப்ப சரின்னு எதுக்குச் சொல்லணும்? முடியாதுன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லு!"

அதுவும் நியாயம்தான் என்று பட்டது. அங்கேயே மேரிசெல்லைக் கைபேசியில் அழைத்து, டார்லீனும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டாள். சுற்றி வளைக்கவில்லை.

"மாத்தக் கூடாதும்மா. ஊர்ல கேலி பண்ணா பண்ணட்டும். ஊர் வாய மூட உலைமூடி ஏது?"

"சரி ஆன்ட்டி, மாத்தல. வருத்தமா இருக்கீங்களா?"

"பின்ன? நீங்க அங்க மாத்தின உடனே எங்க ஊர் முழுக்கப் போயிடுமே. அவர் முகத்த நான் எங்க போய்ப் பார்ப்பேன்?"

"ஐயோ ஆன்ட்டி, அது குழாய்த் தண்ணி இல்ல, இங்க அடைச்சா அங்க நிக்கிறதுக்கு. எடுத்துட்டுப் போனது எடுத்துட்டுப் போனதுதான். நாங்க தலைகீழா நின்னாலும் அவங்க பக்கம் மாறாது."

"அவங்களே மாத்திட்டா?"

"யாரு, அவங்களா? மேல இருக்குற லென்னோட வரியக்கூட அழிக்காம ஒட்டுற ஆளுங்க!"

"என்ன வரி?"

"உங்களுக்குத் தெரியாதா? தெரியும்னுதானே நான் தைரியமா உங்ககிட்டக் கேட்டேன்!"

நிரலுக்கு நடுவே எழுதுகிறவர்கள் குறிப்பு எழுதி வைப்பார்களாம். திரையில் அது தெரியாது, நிரலைத் திறந்தால்தான் தெரியும். ஒட்டுகிறவர்கள் அதை அழித்துவிட வேண்டும். யார் அழிக்கிறார்கள்? மேரிசெல் சொல்லச் சொல்ல, டார்லீன் தன் நீள நகத்தால் கணினிச் சுட்டியை அழுத்தி, மருத்துவமனைப் பக்கத்தின் நிரலைத் திறந்தாள். வெர்னா மேசையைச் சுற்றி வந்து குனிந்தாள். மூன்று நிறங்களுக்கு மேலே ஒரு வரி இருந்தது.

'இது என் வெர்னாவின் வானம். இதை மாற்றி உங்கள் வானத்தை வைத்துக்கொள்ளுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.'

"பீட்சா கடைப் பக்கத்துலயும் இருக்கு ஆன்ட்டி" என்றாள் மேரிசெல். "நான் தேடிப் பார்த்திருக்கேன். பதினோராயிரம் பக்கத்துக்கு மேல உங்க பேரு இருக்கு."

முப்பத்தொரு வருடம் ஒரே மேசையில் காப்பி குடித்த மனிதன். ஆசையாக ஒரு வார்த்தை வாய்திறந்து சொன்னதில்லை. 'எஞ்சின் சூடாயிடுச்சா?' இதுதான் அவன் பேசிய காதல். "பாவி மனுஷா" என்றாள் வெர்னா. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, வீங்கின கன்னத்தைத் துடைக்கப் போய் வலியில் 'ஆ'வென்றாள். டார்லீன் காகிதக் கைக்குட்டையை நீட்டிவிட்டுத் தானும் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி? இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. அந்தச் சோம்பேறிங்க இருக்காங்களே, பதினோராயிரம் பேரும் நல்லா இருக்கணும். ஒருத்தன் ஒழுங்கா வேலை பார்த்திருந்தாலும் இன்னைக்கு இது என் கண்ணுல பட்டிருக்காது. நீயும் நல்லா இருக்கணும், கேக்கணும்னு தோணுச்சே உனக்கு."

உள்ளேயிருந்து மருத்துவர் அவள் பெயரைக் கூப்பிட்டார்.

"மாதிரிய என்ன ஆன்ட்டி பண்ணட்டும்?"

வெர்னா திரையை இன்னொரு முறை படித்தாள்.

"மாத்திக்கோம்மா. வெர்னா கோவிச்சுக்க மாட்டா."