நாற்பது பூச்சு சுண்ணாம்பு

சகல பந்துமித்திரர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், மறைந்த ஞானையா உபதேசியார் வம்சத்தாரின் நாற்பத்தோராவது கோடைகாலத் திருப்பயணம், வருகிற சனிக்கிழமை அதிகாலை சரியாக ஐந்தரை மணிக்கு, தேவனுக்குச் சித்தமானால், பாளையங்கோட்டையிலிருந்து புறப்படும். இவ்வாண்டு வரலாற்றுச் சிறப்புமிக்க நிகழ்வு ஒன்று நடைபெற இருப்பதால் வம்சத்தார் அனைவரும் தவறாது கலந்துகொள்ளக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

வாட்ஸப்பில் இதைப் படித்த வம்சத்தார் மொத்தம் இரண்டு பேர். ஒருத்தி ஃபெபி. தபால் ஆபீஸில் கவுண்டரில் உட்காருகிறவள், வயது நாற்பத்தொன்பது. இன்னொருவன் அவளுக்கு இளையவன் எபி, வண்ணார்பேட்டையில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறான். அறிவித்தவர் மூத்தவர் கிங்ஸ்டன். தலைமையாசிரியர். பள்ளிக்கூடம் மே மாதம் லீவு விட்டுவிடுவதால் அந்த ஒரு மாதமும் அறிவிப்பதற்கு அவருக்கு வேறு ஆள் கிடையாது.

திருப்பயணம் என்று அவர் சொல்வதை மற்ற இரண்டு பேரும் டூர் என்பார்கள். ஆழ்வார்குறிச்சிக்கு அந்தப் பக்கம் இரட்சணியபுரம் என்று நாற்பது வீட்டு ஊர். அங்கே கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்தில், அந்தக் காலத்தில் ஊர் ஊராக வேதம் போதித்த பூட்டனார் ஞானையா உபதேசியாரின் கல்லறை. வருஷா வருஷம் மூன்று பேரும் போய், அதற்குச் சுண்ணாம்பு அடித்து, மாலை போட்டு, கிங்ஸ்டன் ஜெபம் பண்ணி முடிக்கிறவரைக்கும் வெயிலில் நின்றுவிட்டு, பாபநாசத்தில் ஆற்றில் விழுந்து குளித்துவிட்டு வீடு திரும்புவார்கள். அப்பா ஆரம்பித்து வைத்தது. அப்பா போன பிறகும் நிற்கவில்லை. கொரோனா வருஷத்தில்கூட கிங்ஸ்டன் இ-பாஸ் வாங்கித் தனியாகப் போய் ஒரு பூச்சு பூசிவிட்டு வந்தார். காரணம் என்ற கட்டத்தில் "மூதாதையர்" என்று எழுதியிருந்தாராம்.

வரலாற்றுச் சிறப்புமிக்க நிகழ்வு என்ன என்பது பத்தமடையில் டீ குடிக்க நின்றபோதுதான் தெரிந்தது. கிங்ஸ்டன் காரின் டிக்கியைத் திறந்தார். உள்ளே சாக்கு சுற்றிய ஒரு பளிங்குக் கல், அதில் தங்க எழுத்தில் ஞானையாவின் பெயர். பக்கத்தில் பிரவுன் பேப்பர் கட்டு. அதைப் பிரித்து ஒரு புத்தகத்தை எடுத்து, பரிசளிப்பு விழாவில் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் ஃபெபியிடம் நீட்டினார். "ஞானையா வம்ச வரலாறு", முன்னூறு பிரதி. நாளை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாளையங்கோட்டையில் அவர்கள் கோயில் வளாகத்தில் வெளியீடு.

அட்டையைப் பார்த்த ஃபெபியின் கையிலிருந்து டீ பாதி சேலையில் போயிற்று. அட்டையில் அந்தக் கல்லறை. பால் மாதிரி வெள்ளையாக. அதன் மேல் ஒரு கையை ஊன்றி, ஏதோ நாட்டை இப்போதுதான் பிடித்தவர் போல கிங்ஸ்டன்.

டீ சூடு அவளுக்கு உறைக்கவே இல்லை. நாற்பது வருஷமாக வயிற்றுக்குள் கிடந்த ஒன்று, முன்னூறு பிரதி அச்சாகி வந்து நின்றால் டீயெல்லாம் ஒரு சூடா?

விஷயம் இதுதான். முதல் பயணத்தில் ஃபெபிக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கு ஞானையாவின் கல்லறை இரட்சணியபுரத்தில் இருப்பதாகக் கேள்வி, அவ்வளவுதான். கிங்ஸ்டனைத் தூக்குச்சட்டிக்கும் ஐந்து வயது எபிக்கும் காவலாகப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு, ஃபெபியைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு கல்லறையாகப் பார்த்தார். மத்தியானம் ஆகிவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, கருவேல முள்ளுக்குள். பெரிய ஆள் நுழைய முடியாது. ஃபெபி தவழ்ந்து உள்ளே போனாள். பாசி, மண், முழங்கால் முழுக்கக் கட்டெறும்பு. பாபநாசத்துக்கு ஒரு மணி பஸ்ஸை விட்டால் ஆற்றுக் குளியல் கிடையாது என்று அப்பா காலையிலேயே சொல்லியிருந்தார். வெளியிலிருந்து அப்பா, என்னட்டி போட்டிருக்கு என்று கேட்டார். ஃபெபி கல்லைப் பார்க்கவே இல்லை. "ஞானையா உபதேசியார்னு போட்டிருக்குப்பா" என்றாள்.

அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டு அழுதார். அவர் அழுது அவள் பார்த்தது அன்றைக்குத்தான். அந்த வாரமே ஆள் விட்டு முள்ளை வெட்டி, பாசியோடு பாசியாக ஒரு பூச்சுச் சுண்ணாம்பும் அடித்துவிட்டார். அதற்கு மேல் வருஷத்துக்கு ஒரு பூச்சு. எழுத்து என்ன, கல்லின் மூலைகூடத் தெரியாத அளவுக்கு அன்பு அடுக்கடுக்காக ஏறிவிட்டது.

அந்தப் பொய் அது பாட்டுக்கு இருந்திருக்கும். இந்தப் புத்தகத்தில்தான் ஆறாம் அத்தியாயம் என்று ஒன்று இருந்தது. கார் சேரன்மகாதேவியைத் தாண்டும்போது கிங்ஸ்டன் அதை முன் சீட்டிலிருந்து உரக்க வாசித்தார். ஞானையாவோடு ஊழியம் செய்த வேதமாணிக்கம் என்பவர், வெள்ளைக்கார மிஷனரி ஐயருக்கு அவரைப் பற்றிப் பெட்டிஷன் எழுதி, அவரைச் செம்மண் தேரிக்காட்டுக்கு மாற்ற வைத்த கதை. வேதமாணிக்கத்தின் வம்சம் வேறு யாருமில்லை, கோயில் நிர்வாகம் பார்க்கிற சேகரக் கமிட்டியில் கிங்ஸ்டனுக்கு எதிராகவே பிறந்த மாதிரி உட்கார்ந்திருக்கும் ஹெப்ரான். மைக் செட் வாங்கினால் ஒரு பெட்டிஷன், ஃபேனை இடம் மாற்றினால் ஒரு பெட்டிஷன். தன் முன்னோர் வேதமாணிக்கத்தின் கல்லறை எங்கன இருக்குன்னே தெரியலையே என்று ஹெப்ரான் ஒருமுறை பொதுக்கூட்டத்தில் வருத்தப்பட்டதை கிங்ஸ்டன் குறித்து வைத்திருந்தார். ஆகவே அத்தியாயம் இப்படி முடிந்தது: "பொல்லாதவனுக்குப் பூமியில் ஒரு கல்லறையைக்கூடத் தேவன் மிச்சம் வைக்கவில்லை."

வாசித்து முடித்துவிட்டு, எப்படி என்று கேட்டார். எபி வண்டி ஓட்டிக்கொண்டே, அண்ணன் எழுத்துல நல்ல கரண்ட் இருக்கு என்றான். ஃபெபி, அந்தக் கல்லை இன்னொரு நாள் வைத்தால் என்ன என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். கிங்ஸ்டன் பதிலுக்கு, காலம் என்பது யாருக்காகவும் காத்திருப்பதில்லை என்று தொடங்கி கல்லிடைக்குறிச்சி வரைக்கும் பேசினார். அம்பாசமுத்திரத்தில், அட்டையில் வேறு படம் போட்டிருக்கலாமோ என்றாள். அதற்கு ஆழ்வார்குறிச்சி வரைக்கும் பேசினார்.

கொத்தனார் வைத்தியலிங்கம் கல்லறைத் தோட்டத்தில் முன்னமே வந்து காத்திருந்தார். பளிங்கைப் பார்த்தார், கல்லறையைத் தட்டிப் பார்த்தார், தலையை ஆட்டினார். "அண்ணாச்சி, இந்தச் சுண்ணாம்பு மேல ஒட்டினா நிக்காது. ஒரு மழைக்குக் கழண்டு விழும். கல்லு தெரியுத வரைக்கும் கொத்திட்டுத்தான் வைக்கணும்."

பேஷாகக் கொத்தும், பூட்டனாரின் பழைய எழுத்தையும் ஒரு படம் எடுத்து இரண்டாம் பதிப்பில் சேர்த்துவிடலாம் என்றார் கிங்ஸ்டன்.

உளியின் முதல் அடி விழுந்தது. அந்தச் சத்தம் கல்லில் விழுந்த மாதிரி இல்லை. சுண்ணாம்பு ஏடு ஏடாக, அப்பளம் மாதிரி பெயர்ந்து விழுந்தது. ஒவ்வொரு ஏடும் ஒரு கோடை. எந்த ஏட்டில் அப்பாவின் கைபட்டது என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கடைசி ஏடுகள் வரும்போது வாய் தானாகத் திறந்தது.

"அண்ணன், நான் அன்னைக்கு வாசிக்கவே இல்ல."

"எதை?"

"இந்தக் கல்லை. உள்ள ஒரே எறும்பு. ஆத்துக்குப் போணும்னு சும்மா சொன்னேன்."

கிங்ஸ்டன் அவளை, தாமதமாக வந்த மாணவியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு சிரித்தார். வெயில் தலையில் ஏறிவிட்டது, எபி, அக்காவுக்குத் தண்ணி கொடு என்றார். ஒன்பது வயதுப் பிள்ளை கல்லறையில் வைத்துப் பொய் சொல்லாது என்பது தமது முப்பது வருஷக் கல்விப் பணி அனுபவம் என்றும் சொன்னார். அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அவர் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதற்குள் வைத்தியலிங்கம் துடைப்பத்தால் மண்ணைத் தள்ளிவிட்டு, எழுத்து தெரியுது அண்ணாச்சி என்றார். மூன்று பேரும் குனிந்தார்கள். எழுத்து ஒன்றும் தேயவில்லை. நாற்பது பூச்சுச் சுண்ணாம்பு அதைப் பத்திரமாகப் பொத்தி வைத்திருந்தது. தலைமையாசிரியர் தம் வாயாலேயே வாசித்தார்.

"உபதேசியார் வேதமாணிக்கம். கர்த்தருக்குள் நித்திரையடைந்தது 1904."

வைத்தியலிங்கம், பேரு வேறயா இருக்கே, சரியான கல்லறைதானா என்று பைய விசாரித்தார். கிங்ஸ்டன் முகத்தில் இரத்தமே இல்லை. கல்லறையில் இருந்து பெயர்த்த சுண்ணாம்பை எடுத்து முகத்தில் பூசிய மாதிரி இருந்தது. எத்தனை ஜெபம், எத்தனை மாலை, இ-பாஸ் வேறு. நாளைக்கு முன்னூறு பிரதி அட்டையில், பெட்டிஷன்காரர் கல்லறையில் கையை ஊன்றிக்கொண்டு அவர் நிற்கப் போகிறார். பூமியில் கல்லறை மிச்சமில்லாமல் போன உபதேசியார் யார் என்பதும் இப்போது தெளிவாகிவிட்டது.

ஃபெபி அண்ணனின் தோளைத் தொட நினைத்தாள். கை வரவில்லை. தொட்டால் அவர் உடைந்துவிடுவார் என்று முதல் தடவையாக அவளுக்குப் பயம் வந்தது.

"அக்கா, கீழ இன்னொரு வரி இருக்கு" என்றான் எபி. மண்ணோடு மண்ணாகக் கிடந்த அடிக்கல்லைக் கையால் துடைத்தான். "மகள் எஸ்தரும் மருமகன் ஞானையாவும் கட்டினது."

புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தில், ஞானையாவின் மனைவி எஸ்தர் எந்த வீட்டுப் பெண் என்ற தகவல் கிடைக்கவில்லை என்று ஒரே ஒரு வரி உண்டு. தகவல் கிடைத்துவிட்டது. பெட்டிஷன் எழுதியது மாமனார். எழுதப்பட்டது மருமகன் மேல். மாமனார் செத்ததும் தேரிக்காட்டிலிருந்து வந்து கல்லறை கட்டியதும் அதே மருமகன்.

எபி விரலை மடக்கிக் கணக்குப் போட்டான். ஒருமுறை போட்டுவிட்டு, நம்பிக்கை வராமல் திரும்பவும் போட்டான்.

"அப்போ ஹெப்ரான் நமக்கு மச்சான்லா அண்ணன்."

கிங்ஸ்டன் பக்கத்துக் கல்லறையில் உட்கார்ந்துவிட்டார். யாருடையது என்றுகூடப் பார்க்கவில்லை. பிறகு வந்த குரல் அவருடையது மாதிரியே இல்லை. "வைத்தியலிங்கம், அந்தப் பளிங்கை எடுத்து எழுத்து மேல வையும். மூடிரும்."

கொத்தனார் கலவையை எடுத்தார். ஃபெபிக்கு என்ன வந்ததோ, போய் அந்தக் கல்லறை மேல், எழுத்தின் மேலேயே, சேலையோடு உட்கார்ந்துகொண்டாள். எழுந்திரு என்று அண்ணன் மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை கத்தினார். ஃபெபி பிறந்ததிலிருந்து அவர் சொல்லைத் தட்டியதில்லை. இப்போது அவளுக்கே தான் உட்கார்ந்திருப்பது அதிர்ச்சியாகத்தான் இருந்தது.

"நான் ஒரு தடவை பொய் சொல்லி நாப்பது வருஷம் ஆச்சு. அதைக் கல்லுல வெட்டி வைக்க விட மாட்டேன். அப்பா அழுத இடம் இது."

"நாளைக்கு நான் என்னட்டி சொல்லுவேன்?" என்றார் கிங்ஸ்டன். அது அறிவிப்பு இல்லை. நிஜமாகவே கேட்டார்.

"இதுல என்ன எழுதியிருக்கோ அதைச் சொல்லுங்க. நாம பாத்துக்கிட்டது நம்ம பூட்டியோட அப்பாவைத்தானே. அடுத்தவன் வீட்டு ஆளை இல்லையே."

வெயில் உச்சிக்கு வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் கிங்ஸ்டன் எழுந்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொண்டு வந்த மாலையை எடுத்து வேதமாணிக்கத்துக்குப் போட்டார். ஜெபம் பண்ணவில்லை. பளிங்குக் கல் மறுபடியும் சாக்கைச் சுற்றிக்கொண்டு டிக்கிக்குள் போயிற்று. பாபநாசத்தில் மூன்று பேரும் படியில் உட்கார்ந்து காலை மட்டும் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார்கள். குளிக்க வேண்டும் என்று ஃபெபிக்குத் தோன்றவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து கிங்ஸ்டன், நிஜமாகவே எறும்பா என்று கேட்டார். கட்டெறும்பு என்றாள்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் புத்தகக் கட்டை மேஜையில் வைத்து, கிங்ஸ்டன் மைக்கைப் பிடித்தார். ஃபெபி பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். எழுத்து பிசகாமல் கல்லில் இருந்ததை அப்படியே சொன்னார். ஆறாம் அத்தியாயம் தவறு, அதை எழுதியவன் நான், மன்னியுங்கள் என்றார். ஆனால் நாற்பதாண்டு கால இடைவிடாத கள ஆய்வின் முடிவாகவே இந்த மாபெரும் உண்மை தம்மால் கண்டறியப்பட்டது என்றும் சேர்த்துக்கொண்டார். அது போகட்டும். பிறகு மேடையை விட்டு இறங்கிப் போய், மூன்றாவது வரிசையில் வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்த ஹெப்ரானின் இரண்டு கையையும் பிடித்து, "மச்சான்" என்றார். சபையில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். ஹெப்ரானும் துடைத்தார். கல்லறை எந்த வரிசையில் எத்தனையாவது என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, தன் முன்னோரின் கல்லறையை உரியவர்களின் அனுமதி பெறாமல் நாற்பது ஆண்டுகளாக வெள்ளையடித்து வந்தது சம்பந்தமாக, ஹெப்ரான் பெட்டிஷன் கொடுத்தார்.