‘என்ன உறவு?’ என்றொரு கட்டம்

“சம்பளமே இல்லாமலா இந்த வேல பாக்கறீங்க?” என்று சித்தார்த் கேட்டது தாராவுக்கு இன்றும் நினைவிருக்கிறது.

“ஆமாங்க.”

“அப்ப இன்னாதான் கெடைக்கும்?”

“அடுத்தவங்க செஞ்ச தப்பு கெடைக்கும்.”

“தப்புதானே? எங்கிட்ட நெறைய இருக்குது, எடுத்துக்கோங்க.”

மூன்று வருஷத்துக்கு முன்னால், மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் போகும் காலை ரயிலில் நடந்த பேச்சு அது. அன்றிலிருந்து இருவரும் ஒரே பெட்டியில்தான் போகிறார்கள். இரண்டு வீட்டுக்கும் அரசல்புரசலாகத் தெரியும், யாரும் தடுக்கவில்லை. அவன் வந்து தாராவின் அம்மாவிடம் பெண் கேட்பது ஒன்றுதான் பாக்கி. வேலை நிலையாகட்டும் என்று தள்ளிப்போட்டான். புனேயில் நிலையான வேலையும் கிடைத்துவிட்டது. பத்து நாளில் கிளம்புகிறான். இன்னும் கேட்கவில்லை. ‘வாங்க’ என்று கூப்பிட அவளுக்கும் வாய் வரவில்லை.

சனிக்கிழமை மதியம், தங்கச் சுரங்க ஊரின் பாலகாட் பகுதியில் இருக்கும் வீட்டில், சாப்பிட்ட கையோடு தாரா லேப்டாப்பைத் திறந்தாள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய வலைப்பதிவு மென்பொருள் ஒன்றுக்காகத்தான் அந்தச் சம்பளமில்லாத வேலை. அதனோடு பொருத்திக்கொள்ளும் சின்னச் சின்ன பிளகின்களை எங்கெங்கிருந்தோ ஆட்கள் எழுதி அனுப்புவார்கள். வெளியிடுமுன் சோதிப்பது தாராவைப் போன்ற தொண்டர்களின் வேலை.

அன்று அவள் முறைக்கு வந்த பிளகினில், ஊரை விட்டுப் போனவர்கள் தாங்கள் குடியிருந்த சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டின் எண்ணைப் பதிந்தால், பழைய அக்கம்பக்கத்தார் யார் என்று காட்டும். அனுப்பியவர் ஏதோ புனைபெயர் வைத்திருந்தார். உள்ளே பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. நிரலின் பகுதிகளுக்கு கேஜ், ஷாஃப்ட், லெவல் என்று, சுரங்கத்தில் இறங்கும் கூண்டு, குழி, தளம் இவற்றின் பெயர்களை மொட்டையாக வைத்திருந்தார். சுரங்கத்தில் வேலை செய்த வீட்டுப் பிள்ளையைத் தவிர வேறு யாருக்கு இது தோன்றும்? ஆனால் ஒரே வகுப்பில் நாலு விஜயா இருந்தால் இனிஷியல் வேண்டும் அல்லவா? இங்கேயும் அப்படித்தான். அதே பெயர் இன்னொரு பிளகினில் வந்தால் தளமே நின்றுபோகும். திருத்தச் சொல்லிக் குறிப்பு எழுதினாள். அடுத்து, சோதனைக்காகப் பதிந்து, அழிக்க மறந்த ஒரு வரி: நாகம்மா, நந்திதுர்க், வீட்டு எண் பதினேழு.

சித்தார்த்தின் அம்மா.

தெரிந்தவர் எழுதியதைச் சோதிக்கக் கூடாது என்பது குழுவின் விதி. வேறொருவருக்கு மாற்றிவிடும் படிவத்தில், ‘எழுதியவர் உங்களுக்கு என்ன உறவு?’ என்று ஒரு கட்டம். அதை நிரப்பாமல் அனுப்ப முடியாது. ‘நண்பர்’ என்று அடித்தாள், அழித்தாள். ‘சக பயணி’ என்றாள், அதுவும் பிடிக்கவில்லை. போனை எடுத்தாள்.

“லைன் வீட்டு பிளகின் உங்களுதா?”

“ஐயோ, உங்ககிட்டயா வந்துச்சு? சிபாரிசுன்னு யாரும் சொல்லக்கூடாதுன்னு பேர மாத்திதான் அனுப்புனேன்.”

“உங்க பேர மாத்துனீங்க, அத்தைய மறந்துட்டீங்க. பதினேழாம் நம்பர்ல அப்படியே உக்காந்திருக்காங்க.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். “பாஸ் போட்டுடுவீங்கல்ல?”

“மாட்டேன். வேற ஆளுக்குத் தள்ளப் போறேன். நீங்க எனக்கு இன்னா ஆவணும்னு அதுல கேக்குது.”

“இன்னா எழுதப் போறீங்க?” என்றான்.

தாரா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். அடுப்படியில் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தால் விழட்டும்.

“நாளைக்கு ஞாயித்துக்கெழம. அத்தைய கூட்டிகினு எங்க வீட்டுக்கு வாங்க. எங்க அம்மாகிட்ட என்னைப் பொண்ணு கேளுங்க.”