தூக்கத்தில் போன கை

டிசம்பர் மாதம் டில்லி துவாரகாவில் ஒன்பது மணிக்குக்கூட விடிந்தபாடில்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர் பிளாக் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை நிற்கும். அந்த வெள்ளைக்குள்ளிருந்து குல்லாயும் மாஸ்க்குமாகக் குழந்தைகள் ஒவ்வொன்றாக முளைத்து வந்து, எங்கள் விளையாட்டுப் பள்ளி வாசலில் ஷூவைக் கழற்றும். பாதித் தூக்கத்தில் வரும் பதினெட்டுக் குழந்தைகளோடு நானும் பாதித் தூக்கத்தில் ஜமக்காளத்தில் உட்கார்ந்துகொள்வேன். அந்த முதல் அரைமணி நேரத்துக்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேன் என்று சொன்னால் என் கணவர் சிரிப்பார்.

பள்ளி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அடுக்குமாடிச் சொசைட்டியின் தரைத்தளத்தில் மூன்று அறை வீடு. நடத்துபவர் ஸ்வப்னா மேடம். நாலு வயதுக்காரர்கள் என் பொறுப்பு. என் பெயர் வைதேஹி. ஆனால் மிஸ் என்றால்தான் இப்போதெல்லாம் திரும்பிப் பார்க்கிறேன். இந்திக் குழந்தைகளிடம் இந்தி, தமிழ்க் குழந்தைகள் நாலைந்து பேரிடம் தமிழ். அவர்கள் திருப்பித் தருவது இரண்டும் கலந்த அவியல்.

எங்கள் பாடத்திட்டத்தைக் கேட்டால் பெரியவர்களுக்குச் சிரிப்பு வரும். ராஜ்மாவையும் கொண்டைக்கடலையையும் ஒரு தட்டில் கொட்டி, பிரிக்கச் சொல்வேன். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிப் பெயின்ட்டில் தோய்த்துக் காகிதத்தில் குத்தினால் பூ. பழைய நீலப் புடவை ஒன்றை நானும் ஆயா தீதியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டினால் கடல். குழந்தைகள் அதன் அடியில் படுத்துக்கொள்வார்கள். டியூப்லைட் வெளிச்சம் புடவை வழியாக நீலமாக இறங்கி அவர்கள் முகத்தில் அசையும். கத்துகிற வாண்டுகள்கூட அப்போது வாயை மூடிக்கொண்டுவிடும். டில்லியில் கடல் கிடையாது என்று அவர்களுக்குத் தெரியாததால் அது கடலாகவே இருந்தது.

மானசா அந்தக் கடலுக்கு அடியில் கண்ணைச் சிமிட்டாமல் படுத்திருப்பாள். ராஜ்மா பிரிப்பதில் அவள் ராணி. உலர்ந்த வேப்பிலைகளை உயரவாரியாக அடுக்கச் சொன்னால் ஒரு மணி நேரம் அந்த உலகத்திலேயே இருப்பாள். ஆனால் ஈரமாக எதையும் தொட மாட்டாள். பிசைந்த மாவு, பசை, பெயின்ட், நனைந்த மணல் எதுவானாலும் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போய்விடும். தயிர்சாதத்துக்கும் ஸ்பூன்தான். அவள் அம்மா மாதங்கிக்கு விமான நிலையத்தில் வேலை. மகளின் இந்தப் பழக்கம் அவளை மிகவும் அரித்துக்கொண்டிருந்தது. குழந்தைகளுக்கான ஒரு டாக்டரைப் பார்க்க மூன்று மாதம் காத்திருந்து தேதி வாங்கி வைத்திருந்தாள்.

இந்த லட்சணத்தில் பறவைச் சுவர் வந்தது.

குளிர்காலத்தில் எங்கிருந்தோ யமுனைக்குப் பறவைகள் வருகின்றன அல்லவா, அதுதான் அந்த மாதத்துப் பாடம். உள்ளங்கையில் பெயின்ட் தடவி சார்ட் தாளில் அழுத்த வேண்டும். கட்டைவிரல் பறவையின் தலை, மற்ற நாலு விரலும் இறகு. கறுப்புப் பேனாவால் நான் கண் வைப்பேன். கீழே பெயர். சனிக்கிழமை பெற்றோர் வந்து பார்ப்பார்கள்.

"பதினெட்டு பச்சா, பதினெட்டு பறவை, வைதேஹி," என்று ஸ்வப்னா மேடம் திங்கட்கிழமையே சொல்லிவிட்டார். "ஒண்ணு கொறஞ்சாலும் அந்த அம்மா மூஞ்சி வாடிடும். அப்பறம் என் உயிரை எடுப்பா. சமஜ் கயீ?"

வெள்ளிக்கிழமை மதியம் சுவரில் பதினேழு பறவைகள். மானசாவிடம் நான் கெஞ்சியாயிற்று, கொஞ்சியாயிற்று, ஸ்பாஞ்சு, பிரஷ் எல்லாம் காட்டியாயிற்று. பென்சிலால் அவள் கையைச் சுற்றிக் கோடு போட்டிருக்கலாம். அரை நிமிஷ வேலை. அது இப்போது தோன்றி என்ன பிரயோஜனம்? அன்று எனக்குக் காலையிலிருந்து தலைவலி, எரிச்சல் மூக்கு நுனிவரை இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாக் குழந்தைகளும் தூங்கிவிட்டன. மானசாவும் தூங்கினாள். தூங்காத ஒரே ஆள் ப்ரணவ். விட்டால் முழங்கைவரை பெயின்ட்டில் முக்குகிற பிள்ளை.

"இன்னொரு பறவை பண்றியாடா?" என்றேன்.

கேட்டு முடிப்பதற்குள் கையை நீட்டினான். ஆரஞ்சு நிறப் பெயின்ட். ஒரே அழுத்து. கண் வைத்தேன், கீழே மானசா என்று எழுதினேன், சுவரில் ஒட்டினேன். பதினெட்டு. மூன்றே நிமிஷத்தில் என் தலைவலி பாதி குறைந்ததை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை மாதங்கி அந்தப் பறவையின் முன்னால் நின்று அழுதுவிட்டாள். "வைதேஹி மிஸ், எப்படிப் பண்ண வெச்சேள்? ஆத்துல சோப்பு நுரையக்கூடத் தொட மாட்டா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

மானசா தாளுக்கு வெகு அருகில் தன் கையைக் கொண்டுபோய், தொடாமல், அப்படியே காற்றில் நிறுத்தி வைத்துப் பார்த்தாள். பிறகு அம்மாவின் துப்பட்டாவை இழுத்தாள்.

"இது என் ஹாத் இல்ல."

"கதை விடாதேடி. ஒன் பேர் எழுதியிருக்கு பாரு. மிஸ், நீங்களே சொல்லுங்கோ. இது யார் கை?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பின்னால் ஸ்வப்னா மேடம் டீ கொடுத்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. நான், "ஒன்னோடதுதான் கண்ணா," என்றேன்.

"எப்போ பண்ணேன்?"

"நேத்திக்கு."

"பாத்தியா, மிஸ்ஸே சொல்லிட்டா. ஒன் கைதான்டி, தங்கம்," என்று மாதங்கி அவள் உச்சந்தலையில் முத்தம் கொடுத்தாள். மானசா தன் வலது கையை முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பார்த்தாள். நேற்றிலிருந்து அதில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று தேடுவதுபோல ரொம்ப நேரம் பார்த்தாள்.

திங்கட்கிழமை மாதங்கி குழந்தையை விட வந்தபோது முகமெல்லாம் வெளிச்சம். டாக்டர் தேதியைக் கேன்சல் செய்துவிட்டாளாம். "இனிமே எதுக்கு?" என்றாள். நான் ஷூ ஸ்டாண்டைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன்.

அன்று மதியம் மானசா தூங்கவில்லை. சுற்றிலும் பதினேழு குழந்தைகள் ரஜாய்ப் போர்வைக்குள் சுருண்டு மூச்சுவிடும் சத்தம். காற்றுச் சுத்தம் செய்யும் இயந்திரம் ஒரே ஸ்வரத்தில் முனகிக்கொண்டிருந்தது. நடுவில் அவள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்துக்கோ என்றேன். தலையை ஆட்டினாள். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. வலது கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். கண் சொருகும், தலை சரியும், உடனே திடுக்கிட்டுக் கையை வெளியே எடுத்துப் பார்ப்பாள். மறுபடி அடியில் வைத்துக்கொள்வாள்.

புதன்கிழமை காலை மாதங்கியின் கண்ணுக்குக் கீழே கறுப்பு. "ராத்திரியெல்லாம் கொட்டக் கொட்ட முழிச்சிண்டிருக்கா, மிஸ். கைல க்ளவுஸ் மாட்டி ரிப்பனால கட்டி விடுங்கறா. கேட்டா சொல்ல மாட்டேங்கறா. இங்க ஏதாவது ஆச்சா?"

"நான் பேசிப் பாக்கறேன்," என்றேன்.

மதியம் எல்லோரும் தூங்கிய பிறகு அவள் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன். ஜன்னலில் வெயில் இருந்தது. வெயில் என்று சொல்லலாமா தெரியவில்லை, புகைக்குள்ளிருந்து கசிந்து வந்த ஒரு மஞ்சள். அதில் தூசு மிதந்தது. நாங்கள் இருவரும் அந்தத் தூசையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கே கண் செருகிக்கொண்டு வந்தது.

"ஏண்டா கண்ணா தூங்க மாட்டேங்கற?"

"தூங்கினா ஹாத் போயிடும்."

"எங்க போகும்?"

"கீலா எடத்துக்கு." ஈரமான இடத்தை அவள் அப்படித்தான் சொல்வாள். "நான் தூங்கினேன் இல்ல, அப்போ அது தனியா எழுந்து போச்சு. பெயின்ட்ல விழுந்துது. என்கிட்ட கேக்கவே இல்ல. அப்பறம் சத்தமில்லாம சுப்-சாப் திரும்பி வந்து ஒட்டிண்டுது."

"யார் சொன்னா?"

"நீங்கதானே சொன்னேள். நேத்திக்குப் பண்ணேன்னு."

நான் எழுந்து உட்கார்ந்தேன். ஒரு நாலு வயதுக் குழந்தைக்கு என்மேல் இருந்த நம்பிக்கையை நான் அதுவரை அளந்து பார்த்ததில்லை. மிஸ் பொய் சொல்வாள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தன் கைதான் தன்னை ஏமாற்றிவிட்டது என்று முடிவுகட்டி, நாலு நாளாக அதற்குக் காவல் இருந்திருக்கிறாள். இருட்டுக்குப் பயப்படும் குழந்தைக்கு விளக்கு போடலாம். தன் கைக்கே பயப்படும் குழந்தைக்கு என்ன செய்வது?

"மானசா, கேளு. ஒன் கை எங்கயும் போகல. அது ப்ரணவ் கை. நான்தான் அவனைப் பண்ணச் சொல்லிட்டு ஒன் பேரை எழுதினேன். மிஸ் பொய் சொன்னேன்."

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "இல்ல மிஸ். அம்மாவும் சொன்னாளே, என் ஹாத்துதான்னு."

எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. நான் அவளைத் தூங்கவைக்கச் சமாதானம் சொல்கிறேன் என்று நினைத்தாள். கை மறுபடி தொடைக்கடியில் போயிற்று.

மூன்று மணிக்கு ஸ்வப்னா மேடத்திடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சின்னக் கொழந்த. நாலு நாள்ல மறந்துடும். இதைப் போய் அந்த அம்மாகிட்ட சொன்னா, சொசைட்டி க்ரூப் பூரா பரவிடும். விட்டுடு, ப்ளீஸ்."

"நாலு நாளா அது தூங்கல மேடம்," என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "நீங்க வேணா என்னை வேலைய விட்டு அனுப்பிக்கோங்கோ." வீரமாகத்தான் சொன்னேன். வெளியே வந்ததும் இந்தச் சம்பளம் போனால் வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்தேன்.

நாலு மணிக்கு மாதங்கி வந்தாள். மானசாவுக்கு ஒரு காலில் ஷூ மாட்டியிருந்தாள். நான் சுவரிலிருந்த ஆரஞ்சுப் பறவையைப் பிய்த்து எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"மாதங்கி, இது மானசா கை இல்ல. ப்ரணவ் கை. அவ தூங்கறச்சே நான் பண்ண வெச்சேன். நீங்க கேட்டப்பவும் பொய் சொன்னேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. "நான் டாக்டர் தேதியக் கேன்சல் பண்ணினேனே, மிஸ்! நீங்க பக்கத்துல நின்னுண்டுதானே இருந்தேள்?"

"ஆமா."

"ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொல்லலை."

"என் கொழந்தைய நான் பொய் சொல்றான்னு..." அப்போது மானசா இரண்டு பேருக்கும் நடுவில் தலையை நுழைத்தாள்.

"அம்மா, அப்போ என் ஹாத் ராத்திரி எங்கயும் போகாதா?"

மாதங்கி என்னைப் பார்த்தாள். நான் தொடைக்கடியில் வைத்த கையைப் பற்றி, தூங்கினால் அது ஓடிவிடும் என்ற பயத்தைப் பற்றி, க்ளவுஸைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவள் அப்படியே ஷூ மாட்டும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"போகலடி. எங்கயும் போகல. ஒன்கிட்டயேதான் இருந்துது. நீ சொன்னதுதான் சரி. அம்மாதான் நம்பல, தப்பு அம்மாவோடது."

"பக்கா?"

"பக்கா."

மானசா கொஞ்சம் யோசித்தாள். பிறகு அம்மாவின் தோளில் கன்னத்தை வைத்தாள். மாதங்கி என் பக்கம் திரும்பினாள். அதன்பிறகு எனக்குக் கிடைத்தது சாதாரணத் திட்டு அல்ல. இவ்வளவு நாள் குழந்தைகளோடு இருந்தும் இது தெரியாதா என்றாள். உங்க சுவர் நன்னா இருக்கணும்னா என் கொழந்தைதான் கெடச்சாளா என்றாள். நாளையிலிருந்து அனுப்பவே போவதில்லை என்றாள். உள்ளே ஸ்வப்னா மேடம் கதவை மெல்லச் சாத்திக்கொண்டது கேட்டது. மாதங்கி சொன்னதெல்லாம் நியாயம்.

நடுவில் மாதங்கி சட்டென்று நிறுத்திக் குனிந்து பார்த்தாள். மானசா தூங்கிவிட்டிருந்தாள். ஒரு கால் ஷூவோடு, ஒரு கால் வெறும் சாக்ஸோடு, வாய் லேசாகத் திறந்து, வலது கை பெஞ்சுக்கு வெளியே தொங்க, நாலு நாள் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினாள்.

மாதங்கி திட்டுவதை நிறுத்தவில்லை. குரலை மட்டும் ரகசியத்துக்கு இறக்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். எனக்குப் பாதி கேட்கவில்லை. ஒரு வார்த்தையும் விட்டுப்போகக் கூடாது என்று, சத்தமில்லாமல் அவளுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே போய் நின்றேன்.